எருசலேம் பயணம்: அம்மா அப்பாவுக்கு நடக்க முடியும்போதே கூட்டிக்கொண்டு போங்கள்

பெரம்பூர்_மணியோசை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நீங்க பரிசுத்த தேசம் போயிட்டு வந்தீங்களே, அவ்வளவு செலவு பண்ணிப் போனதுல விசுவாசம் கூடுச்சா?" கூடியது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே ஒட்டவில்லை. சரியான பதில் கொஞ்சம் நீளம். அதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் போனது 2019 மார்ச், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள். நானும் அம்மாவும். அம்மாவுக்கு அப்போது 68 வயது. போயிருக்க வேண்டியவர் அப்பா. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். தபால் ஆபீசில் மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. சேமிப்பு போட்டு, பாஸ்புக் அட்டை மேல் பென்சிலால் 'எருசலேம்' என்று எழுதி வைத்திருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தப் பணம் போனது. மறுபடி போட்டார், என் ஆபரேஷனுக்குப் போனது. மூன்றாவது ஆர்.டி. முதிர ஏழு மாதம் இருக்கும்போது, 2016-இல், அப்பா கர்த்தருக்குள் நித்திரையானார். அந்தப் பாஸ்புக்கை அம்மா தன் வேதாகமத்தில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவில் வைத்திருந்தார். விமானம் ஏறியபோதும் அது அங்கேதான் இருந்தது.

மொத்தம் 11 நாள், 44 பேர். ஜோர்தான் நாட்டில் இறங்கி, நேபோ மலையில் தொடங்கினோம். மோசே நின்று வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே மரித்த இடம். மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். அம்மா அந்தப் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாரு. அவருக்குக் குடுத்து வைக்கல" என்றார். மோசேயை மட்டும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

யோர்தான் நதியைப் பார்த்து எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பாட்டுகளில் பாடிப் பாடி மனசுக்குள் காவிரி மாதிரி ஒன்றை வைத்திருந்தேன். ஞானஸ்நானம் கொடுக்கும் அந்த இடத்தில் இந்தக் கரையிலிருந்து பேசினால் அந்தக் கரையில் கேட்கும். கலங்கிய மண் நிறம். குஷ்டம் நீங்க இதில் முழுகச் சொன்னபோதுதானே சீரியப் படைத்தலைவன் நாகமானும், எங்கள் தமஸ்குவில் இதைவிட நல்ல நதிகள் இல்லையா என்று கோபித்துக்கொண்டு திரும்பினான்! அந்த அதிகாரத்தின் எரிச்சல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மாவுக்கு ஏமாற்றமே இல்லை. செருப்பைக் கழற்றி, கம்பியைப் பிடித்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு ஒன்பது சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

என்னைப் பொறுத்தவரை பயணத்தின் நடு, கலிலேயாக் கடற்கரையில் இயேசுவின் சீஷன் பேதுரு வாழ்ந்த கப்பர்நகூம்தான். பேதுருவின் வீடு என்று காட்டுவது கருத்த எரிமலைக் கல்லால் ஆன தாழ்ந்த சுவர்கள். அந்த ஊர் வீடுகள் எல்லாமே அந்தக் கல்தான். அந்த வீட்டின் மேல் 5-ஆம் நூற்றாண்டில் எண்கோணமாக ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். இப்போது அதற்கும் மேலே, தூண்களில் தூக்கி நிறுத்திய புதுக் கோயில், 1990-இல் திறந்தது. அதன் நடுவில் கண்ணாடித் தரை. குனிந்தால் கீழே வீடு தெரியும்.

வழிகாட்டி வருடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தபடியே கேட்டார்: "பேதுருவோட மாமியார் படுத்திருந்தது எந்தப் பக்கம்டா?"

மாற்கு முதல் அதிகாரத்தில் வருகிறது. மாமியார் ஜுரமாய்க் கிடக்கிறாள், இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், ஜுரம் நீங்குகிறது, அவள் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறாள். ஞாயிறு பள்ளியிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட பகுதி. அவள் எந்தப் பக்கம் படுத்திருப்பாள் என்று ஒரு தடவையும் நான் யோசித்ததில்லை.

எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், கடைசி நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். ஹாலில், ஜன்னல் பக்கம் கட்டில். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் அம்மாதான். பேச்சு மட்டும் கிடையாது. அன்றைக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜுரம் விட்டதும் எழுந்து வேலை செய்யப் போயிருக்கா பாரு. உங்க ஆயாவும் அப்படித்தான். கடைசி வாரம்கூட எழுந்து உட்கார்ந்து, கீரையைக் குடு, ஆய்ஞ்சு தரேன்னு கேட்டா. 'சும்மா படுங்க'ன்னுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்திருக்கலாம்" என்றார்.

அதற்குள் வழிகாட்டி கொடியைத் தூக்கிவிட்டார். பஸ்ஸுக்குப் போக வேண்டும். பத்து நிமிஷம் கூடக் கிடைத்திருந்தால் அம்மா இன்னும் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எருசலேமில் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். இயேசு சிலுவை சுமந்து நடந்ததாகச் சொல்லும் சிலுவைப்பாதை பழைய நகரத்தின் சந்துகளுக்குள் போகிறது. 14 நிலைகள், வழுக்குக் கல், ஏற்றம், படி. ஐந்தாவது நிலை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. குழுத் தலைவர் நிற்க முடியாது என்றார். ஒரு துணிக்கடை வாசலில் இருந்த பெரியவர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அம்மா, "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றார். நான் போனேன்.

இயேசுவின் கல்லறை இருப்பதாகச் சொல்லும் கல்லறைக் கோயிலில் வரிசை. கல்லறைக்குள் நாலைந்து பேர் நுழைவதே கஷ்டம், ஒன்றிரண்டு நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பளிங்குக் கல் மேல் நெற்றியை வைத்தேன். ஜெபம் வரவில்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுதான் கண் முன்னால் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அம்மா அந்தப் பெரியவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, மொழியே இல்லாமல் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நல்லா பார்த்தியா?" என்று கேட்டார். நல்லா பார்த்தேன் என்றேன்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். போங்கள். அப்பா அம்மாவோடு போங்கள். கையில் பணம் இருந்தால் அவர்களுக்கு நடக்க முடியும்போதே போங்கள். 40 இடம் காட்டும் குழுவை விட்டுவிட்டு 15 இடம் காட்டும் குழுவோடு போங்கள். அவர்களுக்கு முடியாமல் போனால் அவர்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். நான் உட்காரவில்லை.

---

சாந்தோம்_அலை

பிரதர், மாமியார் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். என் மாமியார் இப்போது உள் அறையில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல ஆசை. நான் கத்தோலிக்கப் பெண், சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவள். நாம் எல்லோரும் எருசலேம் போவதைப் பற்றிப் பேசுகிறோம். எருசலேமில் ஆண்டவரின் விலாவில் கை வைக்கக் கூப்பிடப்பட்ட தோமா நம் ஊருக்கே வந்தார் என்று இந்த ஊர்த் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறது. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் ஒரு நாளில் போய்வரும் தூரம். பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் கல் சிலுவை 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. போப் இரண்டாம் ஜான் பால் 1986-இல் சென்னை வந்தபோது அங்கே போனார். எங்கள் வீட்டில் பெரிய வியாழன் தோறும் பரங்கிமலைப் படி ஏறுவோம். தோமா கல்லறைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவைகூட உள்ளே போகாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்.

---

காசிமேடு_படகு

அண்ணே, எங்க குடும்பம் நாலு தலைமுறையா கடல்தான். எங்க கோயில் ராயபுரம் இராயப்பர் கோயில். இராயப்பர்னா பேதுரு, ராயபுரம்ங்கிற பேரே அவர் பேருதான். 2018-ல எங்க பங்குலேர்ந்து போன குழுவுல அப்பாவும் நானும் போனோம்.

கலிலேயாக் 'கடல்'னு படிச்சிட்டுப் போய்ப் பார்த்தா ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. நம்ம பழவேற்காடு ஏரி அதைவிடப் பெருசு. எங்கப்பா கரையில நின்னு முதல்ல தண்ணியப் பார்க்கல, மலையப் பார்த்தாரு. சுத்தி மலை, நடுவுல கிண்ணம் மாதிரி தண்ணி, அதுவும் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல கீழ. "மலைச்சந்து வழியா காத்து இறங்கினா இங்க தப்பிக்க முடியாதுடா. ஆண்டவர் தூங்கினப்ப இவனுங்க அலறினது சும்மா இல்ல" அப்படின்னாரு. வழிகாட்டி பின்னாடி அதையேதான் இங்கிலீஷ்ல சொன்னாரு.

அங்க ஒரு பழைய படகு வச்சிருக்காங்க, கண்டிப்பா பாருங்க. 1986-ல மழை இல்லாம ஏரி வத்தினப்ப சேத்துக்குள்ளேர்ந்து எடுத்தது. இயேசு காலத்துப் படகு, 27 அடி. கிட்டத்தட்ட நம்ம ஃபைபர் படகு அளவு. அதுல பத்து வகைக்கு மேல மரம் இருக்காம். ஏன்னா அது பணக்காரன் படகு இல்ல. கிடைச்ச கட்டையெல்லாம் வச்சு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்கான். எங்கப்பா கோயில் கோயிலா போனப்பல்லாம் கையக் கட்டிக்கிட்டு நின்னவரு. அந்தப் படகு முன்னாடி முட்டி போட்டுட்டாரு. காவலாளி ஓடி வந்தாரு, மயக்கம் வந்துடுச்சுன்னு நெனச்சு.

மதியச் சாப்பாட்டுல 'பேதுரு மீன்'னு முழு மீனா பொரிச்சுக் குடுத்தாங்க. நம்ம ஜிலேபி மீன்தான் அது! காசிமேட்டுல அதை யாரும் மீனாவே மதிக்க மாட்டாங்க. அப்பா முள்ளுகூட விடல.

---

வேப்பேரி_வாசகன்

நல்ல இழை. பெரம்பூர் சகோதரர் கல்லறைக் கோயிலைப் பற்றி எழுதியதால் ஒன்று சேர்க்கிறேன். நம் சி.எஸ்.ஐ., லுத்தரன் முதலிய புராட்டஸ்டண்ட் ஆட்கள் பலர் கல்லறைக் கோயிலுக்குள் நுழைந்ததும் முகம் சுளிக்கிறார்கள். புகை, விளக்கு, கூட்டம். பிறகு நகரச் சுவருக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறைக்குப் போய், இதுதான் உண்மையான இடம் என்று திருப்தி அடைகிறார்கள். தோட்டக் கல்லறை அமைதியான இடம். குழுக்களுக்குத் திருவிருந்து நடத்த இடம் தருவார்கள், நானும் அங்கே திருவிருந்து எடுத்திருக்கிறேன். ஆனால் தொல்லியல் அதற்குச் சாதகமாக இல்லை. அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூறு வருஷம் முந்தியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சுவிசேஷம் சொல்வதோ ஒருவரும் ஒருக்காலும் வைக்கப்படாத புதிய கல்லறை. கல்லறைக் கோயில் இருக்கும் இடம் இன்று நகரத்தின் நடுவில் இருந்தாலும், இயேசு காலத்தில் சுவருக்கு வெளியே இருந்தது. அது கற்சுரங்கமாக இருந்து கல்லறைகள் வெட்டப்பட்ட பகுதி. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் அங்கே கோயில் எழுப்பியதும் சும்மா இல்லை. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் அந்த இடத்தை மறக்காமல் காட்டிக்கொண்டே வந்தார்கள். அமைதியாக இருப்பது வேறு, அந்த இடமாக இருப்பது வேறு.

இயேசு பிடிபடும் முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்து ஒலிவ மரங்களும் அப்படியே. இயேசுவைப் பார்த்த மரம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வில் மூன்று மரங்களின் தண்டு 12-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. ஒலிவ மரம் வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும், ஆகவே வேர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். எனக்கு 900 வருஷ மரமே போதும். பொய் சொல்லி நம் ஜனங்களை அழவைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் நானும் உடைந்துவிட்டேன். ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபக் கோயில். இயேசு கற்றுக்கொடுத்த 'எங்கள் பிதாவே' ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. நான் குடியிருக்கும் வேப்பேரியில் இருந்துகொண்டுதான் ஜெர்மன் மிஷனரி ஃபேப்ரீஷியஸ் ஐயர் 18-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழில் உழைத்து உழைத்துத் திருத்தினார். அதற்கு முன்பு 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த எழுத்தை அந்த மலையில் பார்த்தபோது என் மனைவி விரலை வைத்து, 'பிதாவே' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகத் தடவினாள். அவளுடைய அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த ஜெபத்தை மட்டும் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டவர்.

---

ஆவடி_ஜெபநேரம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் கசப்பாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொன்னது என்ன? இந்த மலையிலும் இல்லை, எருசலேமிலும் இல்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளும் காலம் வருகிறது என்றார். கிணற்றுப் பக்கத்தில் வெயிலில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சொன்னதை நாம் லட்சக்கணக்கில் பணம் கட்டி மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சபையில் எல்லோரும் போகிறார்கள் என்று அப்பா வட்டிக்கு வாங்கிக்கொண்டு அம்மாவோடு போனார். திரும்பி வந்ததும் பெயருக்கு மரியாதை கூடியது, கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அந்த வட்டியை நான் இரண்டு வருஷம் கட்டினேன். தம்பி பாலிடெக்னிக்கை ஒரு வருஷம் தள்ளிப் போட்டான். அப்பா அதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பரிசுத்த தேசம் போனால்தான் ஆசீர்வாதம் என்று மேடையில் பேசும் ஊழியர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். ஹஜ் மாதிரி நமக்கு அது கடமை இல்லை.

---

பெரம்பூர்_மணியோசை

ஆவடி தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். கடன் வாங்கிப் போகாதீர்கள் என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்பா மூன்று தடவை ஆர்.டி. போட்டார், இரண்டு தடவை எங்களுக்காக எடுத்தார். எடுத்தது தோல்வி என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. இப்போது யோசித்தால் நாகமானைப்போல எனக்கும் பெரிய நதி வேண்டியிருந்தது, அப்பாவுக்கு வேண்டியிருக்கவில்லை.

காசிமேடு தம்பி, எங்களுக்கும் அதே மீன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "புளி போட்டுக் குழம்பு வெச்சிருக்கணும்" என்றார்.

---

கேணி_வாசி

நான் திருவல்லிக்கேணி முஸ்லிம். நண்பர் ஒருவர் அனுப்பியதால் படித்தேன். ஆவடி நண்பர் சொன்னது சரி. ஹஜ்ஜும்கூட வசதியும் உடல் பலமும் உள்ளவருக்கு மட்டும்தான் கடமை, கடனாளி முதலில் கடனை அடைக்க வேண்டும் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் எல்லோரும் எழுதும் அந்தக் கல்லறைக் கோயிலின் சாவி பல நூறு வருஷமாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு குடும்பம் சாவியை வைத்திருக்கும், இன்னொரு குடும்பம் கதவைத் திறக்கும். ஸ்டூல் போட்ட அந்தப் பெரியவருக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும்.

---

மயிலை_நிழல்

நாங்கள் இந்துக் குடும்பம். அந்த ஒன்பது பாட்டில் தண்ணீரைப் படித்ததும் எங்கள் பாட்டி நினைவு. ராமேஸ்வரத்து மணலைக் காசிக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கங்கைச் சொம்பை அங்கிருந்து ராமேஸ்வரம் கொண்டுவருவார்கள். பாட்டி 74 வயதில் போனார். தாத்தாவின் பெயரைச் சொல்லி மணலைக் கரைக்கும்போது அழவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது நாக்பூர் தாண்டியதும் அழ ஆரம்பித்து, ஊர் வரும்வரை நிறுத்தவில்லை. உங்கள் அம்மா திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லையே?

---

பெரம்பூர்_மணியோசை

மயிலை நண்பரே, நல்ல கேள்வி. திரும்பி வந்த மறுநாள் அம்மா ஆயாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். கீழ்ப்பாக்கத்தில் அப்பாவையும் ஆயாவின் குழியிலேயேதான் வைத்தோம். இடப் பற்றாக்குறையால் அங்கே பல குடும்பங்களுக்கு அப்படித்தான். இதுவரை அங்கே போனால் அப்பாவுக்குத்தான் பூ வைப்பார். அன்றைக்கு ஆயாவின் பெயர் இருக்கும் பக்கத்தைத் துணியால் துடைத்து, ஒன்பதில் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார். யாருக்கென்று எண்ணிப் பிடித்தார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் எழுத விட்டுப்போனது. பெத்லகேமில் அம்மா அதிகம் பேசியது பிறப்பின் கோயிலில் இல்லை. அந்தக் குனிந்து நுழையும் சின்ன வாசலும், குகையில் 14 முனை வெள்ளி நட்சத்திரமும் பார்த்தோம், கூட்டத்தில் முடிந்துவிட்டது. வெளியே ஒலிவ மரத்தில் சிலுவை செதுக்கும் ஒரு கடை. கடைக்கார அம்மா அரபுக் கிறிஸ்தவர். ஒரு காலத்தில் அந்த ஊரில் கிறிஸ்தவர்கள்தான் பெரும்பான்மை, இப்போது சிறுபான்மை. அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இஸ்ரேல் கட்டிய சுவர் தாண்டி எருசலேம் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். இரண்டு ஊருக்கும் நடுவில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நம் பெரம்பூரிலிருந்து சாந்தோம் போகிற தூரம். நாங்கள் சென்னையிலிருந்து போய் மூன்று நாளாகச் சுற்றிய எருசலேமுக்கு அவரால் ஈஸ்டருக்கு நினைத்தபடி போக முடியாது. அவர் கடவுளை 'அல்லா' என்று சொல்லி ஜெபித்ததும் அம்மா என்னைப் பார்த்தார். அரபியில் நம் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஜெபித்தார். பரிசுத்த தேசம் போகிறவர்கள் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வராமல் இந்த ஜனங்களையும் பார்க்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் அந்தக் கோயில்கள் அருங்காட்சியகம் ஆகிவிடும்.

---

தாம்பரம்_டீச்சர்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுத மனசு வரவில்லை. நாங்கள் 2023 நவம்பர் மாதம் போக முன்பணம் கட்டியிருந்தோம். அம்மாவுக்கு 75 வயது. பாஸ்போர்ட்டே இதற்காக எடுத்தது. அக்டோபரில் போர் தொடங்கியது, பயணம் நின்றது. ஏற்பாடு செய்தவர்கள் முதலில் தேதி மாற்றித் தருகிறோம் என்றார்கள், பிறகு போன் எடுக்கவில்லை, கடைசியில் பாதிப் பணம் வந்தது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். அதற்குள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் மட்டும் நடக்கிறார். 'நடக்க முடியும்போதே போங்கள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் அப்படித்தானே கிளம்பினோம். அம்மா பீரோவில் அந்தப் பயணத்துக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ அப்படியே டப்பாவில் இருக்கிறது.

---

பெரம்பூர்_மணியோசை

டீச்சர், என்னை மன்னியுங்கள். தலைப்பை நான் சாதாரணமாகப் போட்டுவிட்டேன். அது யாரைக் குத்தும் என்று யோசிக்கவில்லை.

ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. சாந்தோம் சகோதரி சொன்னதை மட்டும் மறுபடி எடுத்துச் சொல்கிறேன். பரங்கிமலைக்கு மேலே வரைக்கும் வண்டி போகும். படி ஏற வேண்டாம். தாம்பரத்திலிருந்து உங்களுக்குப் பக்கம். எருசலேமுக்கு அது ஈடு என்று சொல்லமாட்டேன். நேரக்கணக்கு பார்க்காமல், கொடி தூக்குகிறவர் இல்லாமல், அவரோடு உட்கார முடியும்.

---

சாந்தோம்_அலை

டீச்சர், சனிக்கிழமை காலை போங்கள், கூட்டம் இருக்காது. கூட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வீட்டில் பழைய சக்கர நாற்காலி ஒன்று இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

---

சேப்பாக்கம்_கோப்பு

தகவலுக்கு: எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு 2011-12 முதல் உதவித்தொகை தருகிறது. ஆரம்பத்தில் 20,000 ரூபாய். பிறகு 37,000 ஆக்கினார்கள், கன்னியாஸ்திரிகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் 60,000. விண்ணப்பம் சிறுபான்மையினர் நலத் துறைக்கு. முதலில் உங்கள் செலவில் போய் வர வேண்டும், பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். எனவே அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஆவடி தம்பி சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பயணம் போகும் முன் அங்குள்ள நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

---

தாம்பரம்_டீச்சர்

போய் வந்தோம். சாந்தோம் சகோதரி சொன்னபடியே வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றார். இதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. அம்மா கிளம்பும்போதே பீரோவைத் திறந்து அந்த ஷூவை எடுக்கச் சொன்னார். நடக்கப் போவதில்லையே அம்மா என்றேன். "போடு" என்றார். லேஸ் கட்டுவதற்குள் எனக்குக் கை நடுங்கியது.

கோயிலுக்குள் அந்தக் கல் சிலுவைக்கு எதிரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா வாய்விட்டு ஜெபிக்கிறவர் அல்ல. ஒரே ஒரு தடவை, "தோமா சந்தேகப்பட்டதுக்கு அவரைத் திட்டிட்டே இருக்கோம். இவ்வளவு தூரம் வந்திருக்காரே" என்றார். பிறகு வெளியே மரத்தடியில் நாற்காலியை நிறுத்தினோம். அங்கிருந்து கீழே மீனம்பாக்கம் ஓடுபாதை தெரியும். விமானம் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். அம்மா ஒவ்வொரு விமானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதுடி அந்தப் பக்கம் போறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மேற்கே திரும்பிய ஒன்றைக் காட்டினேன். அது மறையும்வரை கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.